மெர்க்குரியின் கூரையை வெட்டியவர்கள்

காருக்கு முன்னால் வைத்திருந்த பலகையில் பெயரைப் படித்ததும் என் அண்ணி டெல்ஃபீனா கைத்தடியைத் தரையில் ஓங்கிக் குத்தினாள்.

"ஏய் ஹெர்மீனியா, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படி. எனக்குத்தான் கண்ணு தெரியலையா?"

"கண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணி. 'கட்டியவர் வெர்ன் ஸ்டாடர்ட்'னுதான் போட்டிருக்கு."

"அவன் கட்டினானா? அப்ப என் புருஷன் ராத்திரி பகலா யாரு வண்டியில தலைய விட்டுக்கிட்டு இருந்தானாம்?"

பொமோனா கண்காட்சித் திடலில், பேர்போன கார்ப் பட்டறைக்காரர் ஸ்டாடர்டின் கார்களுக்கென்றே கயிறு கட்டித் தனி வரிசை. அதன் நடுவே நின்றது என் அண்ணன் நீனோவின் மெர்க்குரி கார். 'காணாமல் போன ஸ்டாடர்ட் கார் கிடைத்தது' என்று செய்தித்தாளில் படம் வந்திருந்தது. பின் கண்ணாடியை வெட்டாமல் அப்படியே சாய்த்து வைத்திருந்த விதத்தைக் கண்டதுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. லின்வுட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நீனோவும் அடுத்த தெரு டோஷும் கூரையை வெட்டித் தாழ்த்தி, ஒட்டுகள் தெரியாமல் ஈயத்தை உருக்கி இழைத்த வண்டி அது. பட்டாள அழைப்பு வந்ததும் நீனோ அதை விற்றான். இப்போது இருவருமே இல்லை.

"கயிறத் தொடாதீங்க மேடம்" என்று துடைக்கும் துணியோடு வந்தார் இப்போதைய சொந்தக்காரர் டுவேன் பிராக்கெட்.

"இத ஸ்டாடர்ட் கட்டினார்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றேன்.

"யார் சொல்லணும்? அவர் பட்டறை வாசல்ல இதே வண்டி நிக்கிற படம் பழைய பத்திரிகையில இருக்கு."

"பெயிண்ட் அடிக்கப் போச்சு. பெயிண்டுக்கு மட்டும். பொத்தான் தச்சவன் சட்டையே என்னுதுன்னா விட்டுடுவீங்களா?"

அவர் சிரித்தார். "எங்க போனாலும் இப்படி ரெண்டு பேர் வந்துடறாங்க. எங்க மாமா செஞ்சது, எங்க அப்பா செஞ்சதுன்னு."

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. அவரோ வண்டியைப் பிரித்தபோது எடுத்த படங்களை ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார்.

"இதப் பாருங்க. பிற்பாடு எவனோ கத்துக்குட்டி கைவச்சிருக்கான். கூரை நடுவுல ஏதோ வெள்ளைத் தகட்ட வெட்டி ஒட்டியிருக்கான். ஸ்டாடர்ட் இப்படிச் செய்யவே மாட்டார். அதான் அத அறுத்து எறிஞ்சுட்டு, அவர் பாணியிலயே புதுத் தகடு போட்டோம்."

கூரையைத் தாழ்த்தினால் முன்பாதியும் பின்பாதியும் சேராது. நடுவில் இடைவெளி விழும். அதை அடைக்க அன்றைக்கு அவர்களுக்குத் தகடு கிடைக்கவில்லை. அம்மா பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீனோ தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தான்.

"அது எங்கம்மாவோட துணி துவைக்கிற மெஷின் மூடி" என்றேன்.

"மேடம்..."

"அதுல ரெண்டு ஓட்டை இருந்திருக்கும். கைப்பிடி கழண்டு எங்கப்பா கம்பி போட்டுக் கட்டினது. இருந்துதா?"

வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "இருந்தது."

"அதுக்கு மேல ஈயம் இருந்துதா?"

"ம்."

"அப்ப பிற்பாடு வந்த கத்துக்குட்டி ஈயத்துக்கு அடியில பூந்தா வச்சான்? ஸ்டாடர்ட் பேருக்குப் பொருந்தலைன்னு, செஞ்சவன் கைய அறுத்துக் குப்பையில போட்டிருக்கீங்க!"

பிராக்கெட் குரலைத் தாழ்த்தினார். "நடுவர் வர்ற நேரம் மேடம். ஸ்டாடர்ட் பேர் போனா வண்டி இந்த வரிசையில நிக்க முடியாது. வேணும்னா கீழ ஒரு வரி சேத்துடறேன். 'உள்ளூர்ப் பையன்கள் உதவியுடன்'னு."

"உதவியா?" அண்ணி கத்தினாள். "பையன்களா? பேரில்லையாய்யா அவங்களுக்கு?"

பக்கத்துக் கார்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நடுவர் ஒரு பெண். வழக்கமான கேள்வியைத்தான் கேட்டாள்: "கட்டினது யாரு?"

"ஸ்டாடர்ட்..." என்று பிராக்கெட் தொடங்குவதற்குள் நான் கயிற்றைத் தூக்கி உள்ளே போய்விட்டேன்.

"எங்கண்ணன் சாத்தூர்னினோ வியாஸ்கான். அடுத்த தெரு டோஷியோ ஹமசாகி. எழுதிக்கிட்டு, அந்த வெள்ளைத் தகடு எங்க இருந்துச்சுன்னு இவரையே கேளுங்க."

அவள் படத்தை உற்றுப் பார்த்தாள். "பழைய ஈயத்துக்கு அடியிலயா?"

பிராக்கெட் தரையைப் பார்த்தார். "ஆமா."

"அப்ப கூரை ஸ்டாடர்ட் வேலை இல்ல. வண்டிய இந்த வரிசையிலேருந்து எடுத்துடுங்க சார்."

அவள் நகர்ந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். "திருப்திதானே? இனிமே இத ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான்."

"பாக்கறதும் பாக்காததும் அவனவன் இஷ்டம். அந்தத் தகடு எங்க?"

"போன வருஷமே பழைய இரும்புக்குப் போயிடுச்சு."

அவர் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். அண்ணி தடியை ஊன்றிக்கொண்டு வண்டிக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

"பலகைய மாத்தி எழுதிட்டு எடு. இல்ல, என்மேல ஏத்திட்டுப் போ."

அவர் ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை. மறுபடியும் அடித்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் எஞ்சினை அணைத்து இறங்கி, எங்கள் முகத்தைப் பார்க்காமல், ஸ்டாடர்டின் பெயரை அடித்துவிட்டு நீனோவின் பெயரைக் கிறுக்கினார்.

"டோஷ் பேரு யாரு எழுதுவா?" என்றாள் அண்ணி, நின்ற இடத்தை விட்டு நகராமல்.