நல்லுசாமி இன்னும் வெளியேறவில்லை

“வெளிய வர்ற கட்டளைய மட்டும் அடிம்மா. மத்தது தானா நின்னுரும்லா.”

“எது நிக்கும்?” என்று சரோஜா தொலைபேசியில் கேட்டாள்.

ஈப்போவிலிருந்து பேசிய கந்தசாமிதான் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுத்தவர். பொறுமையாக விளக்கினார். ஆபீஸ் கணக்கு எழுதும் நல்லுசாமி கிராணி கம்ப்யூட்டரில் தன் பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்ததும், பின்னால் ஒரு புரோகிராம் தானாகவே கிளம்பும். யார் கண்ணுக்கும் படாமல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் வெளியேறினால் அதுவும் அடங்கிவிடும். கிராணியே அப்படித்தான் எழுதி வைத்திருந்தாராம்.

ஆனால் அவர் வெளியேறவில்லை. போன வாரம் நாற்காலியிலேயே சாய்ந்தவரை லோரியில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் தங்கவில்லை.

மத்தியானம் புதுக் கிராணி வருகிறார். அதற்குள் பழைய பெயரையே எடுத்துவிட வேண்டும் என்பது தோட்ட மேனேஜர் துரையின் உத்தரவு.

சரோஜா தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கிராணியின் மனைவி வேலம்மா வாசலில் நின்றிருந்தாள். புருஷனின் கம்பளிச் சட்டையையும் குடையையும் எடுத்துப் போக வந்தவள். அந்த நேரம் பார்த்துச் சரோஜாவின் திரையில் பச்சை எழுத்துகள் ஓடின.

“என்னம்மா அது?”

மழுப்பியிருக்கலாம். சரோஜாவுக்கு மனம் வரவில்லை. ஆங்கில எழுத்தில் இருந்த தமிழை வாசித்தாள்.

“சரோஜா, தேத்தண்ணி குடிச்சாச்சா?”

இந்த ஆபீசில் வேலைக்கு வந்த புதிதில் தான் பசியோடு உட்கார்ந்து மயங்கி விழுந்ததையும், அதற்குப் பிறகே கிராணி இதை எழுதி வைத்ததையும் சொன்னாள். அவர் போன பிறகும் தினம் காலையில் கேள்வி வந்துகொண்டுதான் இருக்கிறது. இன்றோடு நின்றுவிடும்.

வேலம்மா அழவில்லை. எதிர் மலையைப் பனி மூடுவதுபோல அவள் முகம் மெல்ல மூடிக்கொண்டது. வீட்டில் பேச்சே குறைவு என்றாள். இருட்டோடு எழுந்து கொழுந்தெடுக்கப் போகிறவள் அவள். அப்போது அவர் தூக்கத்தில் இருப்பாராம்.

“இத்தன வருசத்துல என்னைய ஒரு நாளும் கேட்டதில்ல.” லேசாகச் சிரித்தாள். “கல்லு மாதிரி மனுசன்னு நெனச்சேன். மறந்துருவோம்னு மிசின்கிட்ட சொல்லி வச்சிருக்காரு பாரு.”

சரோஜா கிராணியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டளையை அடித்து முடித்தாள். கடைசிப் பொத்தானுக்கு மேலே விரல் தயங்கி நின்றது.

வேலம்மா அவள் தோளைத் தொட்டாள்.

“உன் பேரு இருக்குற எடத்துல என் பேர போடத் தெரியுமா தாயி? ஒரே ஒரு வாட்டி என்னைய கேக்கட்டும். அப்புறம் நிறுத்திக்கயேன்.”