அட் ஓனர்ஸ் ரிஸ்க்

மேனேஜர் பிரேம்குமார் நீட்டிய தாளில் ஏற்கெனவே ஐந்து கையெழுத்தும் மூன்று பெருவிரல் ரேகையும் விழுந்திருந்தன. அழகுத்தாய் ஒன்பதாவது ஆள்.

"இங்கன போடும்மா. இந்தா பேனா."

அவள் பேனாவை வாங்கவில்லை. தாளை மட்டும் வாங்கினாள். கையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தாளைத் திருப்பினாள்.

"என்னத்தப் பாக்குற? எல்லாம் இங்கிலீஷ். நேத்து நடந்ததைத்தான் எழுதியிருக்கு. அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் குடுத்தாகணும்."

"வாசிச்சிட்டுப் போடுதேன் சார்."

பேண்டேஜ் மடிக்கிற பெஞ்சுப் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. "கலெக்டரம்மா ஃபைலு பாக்காக. எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கட்டீ," என்றாள் இருளம்மாள். தாளில் மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டவள் அவள்.

அழகுத்தாய் காதில் வாங்கவில்லை. நாற்பத்தெட்டு வயது. காலையிலிருந்து நின்று நின்று கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. ஆனாலும் உட்கார்ந்தால் வாசிக்க வராது அவளுக்கு. நின்றுகொண்டுதான் எழுத்துப் படித்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அட்டைப் பெட்டிகளில் லேபிளைத் தலைகீழாக ஒட்டி வைத்து, "எழுத்து தலைகீழா நிக்கது கூடவா தெரியல?" என்று ஏச்சு வாங்கினாள். அன்றைக்கு ஏறிய ரோஷம் இறங்கவே இல்லை. முதலில் பஸ் போர்டுகளை வைத்துத் தமிழ். பிறகு அதே அட்டைப் பெட்டிகளை வைத்து இங்கிலீஷ்.

அவள் இங்கிலீஷ் துண்டு துண்டாகத்தான் வந்தது. பெட்டியில் 'ஃபார் சிங்கிள் யூஸ்'. அதற்குக் கீழே 'இன் எ டிரை பிளேஸ்'. வாட்ச்மேன் சட்டையில் 'ஆன் டூட்டி'. பணம் வராத மெஷினில் 'அவுட் ஆஃப் ஆர்டர்'. பாய்லர் ரூம் கதவில் 'வித்தவுட் பர்மிஷன்' உள்ளே வரக்கூடாது. இராஜபாளையத்தில் யார் முழுசாக இங்கிலீஷ் பேசினார்கள்? முதலாளி முதற்கொண்டு பஸ் கண்டக்டர் வரைக்கும் இந்த மாதிரித் துண்டுகளை வைத்துத்தானே பிழைப்பு ஓடியது! அவள் ஒன்றைக் கவனித்தாள். தமிழில் வீட்டுக்கு, வீட்டில், வீட்டோடு என்று வால் பின்னால் ஒட்டுகிறது. இங்கிலீஷ்காரனுக்கு அந்த வால் முன்னால் நடக்கிறது. இன், ஆன், அட், அண்டர். குட்டியாக முன்னால் ஒன்று வந்தால், பின்னாலேயே சமாச்சாரம் வரும். அது எங்கே எழுதியிருக்கிறது, அங்கே ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் அர்த்தம் தானாக விழும்.

தாளில் அப்படித்தான் தேடினாள். யோகேஸ்வரி பெயர் கிடைத்தது. மெஷின் கிடைத்தது. இரண்டாவது வரியில் 'வித்தவுட் பர்மிஷன்' இருந்தது. அதற்கும் கீழே அவளுக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று: 'அட் ஹெர் ஓன் ரிஸ்க்.'

அழகுத்தாய் அந்த வரியில் விரலை வைத்து மறுபடி வாசித்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தினமும் அவள் சைக்கிளை விட்டுவிட்டுப் பஸ் ஏறுகிற ஸ்டாண்டில் ஒரு தகரம் தொங்கும். 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்.' போன வருஷம் அவள் சைக்கிள் சீட்டை யாரோ கழற்றிக்கொண்டு போனபோது, ஸ்டாண்டுக்காரன் பேசவே இல்லை. விரலை மட்டும் அந்தத் தகரத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். எது போனாலும் உன் தலைமேல். எங்களைக் கேட்காதே. அன்று வீடு வரைக்கும் பெடலில் நின்றுகொண்டே மிதித்தாள். அந்த எழுத்து மறக்குமா?

சைக்கிள் சீட்டுக்குச் சொன்னதையே ஒரு பிள்ளையின் கைக்கும் சொல்கிறார்கள்.

நேற்று நடந்தது எல்லோருக்கும் தெரியும். பேண்டேஜ் துணியை நீள உருளையாகச் சுற்றித் துண்டு போடுகிற கட்டிங் மெஷினில், பிளேடு மேல் மூடி நிற்கவில்லை. ஸ்பிரிங் போய்விட்டது. ஃபிட்டர் சமுத்திரம் மூடியைக் கழற்றி வைத்து, 'அண்டர் ரிப்பேர்' போர்டை மாட்டிவிட்டு, ஸ்பிரிங் வாங்க மதுரைக்குப் போனார். அந்த யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டினவர்தான் போர்டை எடுக்க வேண்டும். எடுத்ததும் மெஷின் உருளைக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து ஓட்டி நசுக்குவார். பழ வாசனை ஹால் முழுக்க வந்த பிறகுதான் பெண்கள் மெஷினில் உட்காருவார்கள். கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான்.

நேற்றுப் பதினொரு மணிக்கு லாரி வந்து நின்றது. பிரேம்குமார் போர்டைப் பிடுங்கி அலமாரிக்குப் பின்னால் எறிந்துவிட்டு, யோகேஸ்வரியை உட்காரச் சொன்னான். "பழம் எங்க சார்?" என்று கேட்டாள் அவள். "பழம் வாங்கப் போனா லாரி போயிரும். உக்காரு," என்றான். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் இரண்டு விரல் பிளந்துவிட்டது.

அழகுத்தாய் தாளை மேஜைமேல் வைத்தாள்.

"இதுல நான் போட மாட்டேன் சார்."

"ஏன்?"

"பர்மிஷன் இல்லாம அவளா உக்காந்தான்னு இருக்கு. என்ன ஆனாலும் அவ பொறுப்புன்னு இருக்கு. நீங்கதான உக்காரச் சொன்னீக?"

பிரேம்குமார் முகம் ஒரு நொடி மாறி, மறுபடி சிரித்தது. "ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமாக்கும்? அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா. எல்லாக் கம்பெனியிலயும் இப்பிடித்தான் எழுதுவாக."

"சைக்கிள் ஸ்டாண்டுலயும் இப்பிடித்தான் எழுதியிருக்கு. சீட்டு போச்சு, ஒரு பய கேக்கல."

பெஞ்சில் மடிக்கிற சத்தம் நின்றது. அழகுத்தாய் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தாள் ஆஸ்பத்திரிக்குப் போச்சுன்னா அந்தப் பிள்ளைக்கு வேலையும் கெடையாது, வைத்தியமும் அவ தலையில. கை சொகமானாலும் ஒரு மில்லுல சேக்க மாட்டான், சொல்பேச்சுக் கேக்காத பிள்ளன்னு."

"அழகுத்தாயி, ஒன் வேலையப் பாரு. போடலைன்னா நாளையில இருந்து வரவேண்டாம்."

"அதையும் எழுதிக் குடுங்க."

இருளம்மாள் மெல்ல எழுந்து வந்தாள். "ஏட்டி அழகு, நெசமாவா? அப்பிடியா போட்டிருக்கு?"

"இந்தா பாரு. பாய்லர் ரூம் கதவுல இருக்கது. எழுத்து ஒன்னா இருக்கா இல்லையா, நீயே பாரு."

இருளம்மாளுக்குத் தன் பெயரைக் கிறுக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஆனால் பன்னிரண்டு வருஷம் அந்தக் கதவைக் கடந்து கழிப்பறைக்குப் போனவள். தாளையும் தூரத்துக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். தன் கையெழுத்தின்மேல் இப்படியும் அப்படியுமாகத் தாள் கிழிகிற அளவுக்குக் கோடு இழுத்தாள்.

"ஏய்!" என்றான் பிரேம்குமார்.

"ஏய்யாவது ஓய்யாவது! நீரு நடந்ததத்தான் எழுதியிருக்குன்னீரு. எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா, கண்ணு தெரியும்."

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீட்டில் உலை வைக்க வேண்டியவர்கள். அழகுத்தாய் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. நேராக அலமாரிக்குப் போய், சுவருக்கும் அதற்கும் நடுவே கையை விட்டாள். போர்டு அங்கேதான் கிடந்தது. அதன் பின்பக்கம் சாக்பீஸில் நேற்றைய தேதி, காலை ஒன்பதரை, சமுத்திரத்தின் கோணல் கையெழுத்து.

"அத வையி! கம்பெனிப் பொருளு அது!" பிரேம்குமார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

கட்டிங் மெஷினுக்கு அடியில் புது ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டிருந்த சமுத்திரம் வெளியே தலையை நீட்டினார். நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"அது நான் மாட்டுன போர்டு சார். நான்தான் எடுக்கணும்." எழுந்து, கிரீஸ் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு, போர்டை வாங்கினார். பின்பக்கத்து எழுத்தைப் பார்த்தார். அப்படியே அழகுத்தாயிடம் நீட்டினார். "எடுத்துட்டேன். கொண்டு போ தாயி. சாக்பீஸு அழிஞ்சிராமப் பாத்துக்க."

அவள் ஒரு காலி அட்டைப் பெட்டியைக் கிழித்து, உள்பக்கம் தமிழில் எழுத ஆரம்பித்தாள். பிரேம்குமார் ஃபோனில் முதலாளியைத் தேடிக்கொண்டிருந்தான்; அவள் எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. போர்டு, லாரி, பழம் கேட்டது, உட்காரச் சொன்னது. 'அண்டர் ரிப்பேர்' என்பதை மட்டும் போர்டைப் பார்த்து அதே இங்கிலீஷ் எழுத்தில் வரைந்தாள். கீழே அவள் கையெழுத்து, சமுத்திரத்தின் கையெழுத்து. இருளம்மாள் பெருவிரலை மையில் அழுத்தினாள். "கையெழுத்துப் போட்டுப் பட்டது போதும்," என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் போர்டை மார்போடு சேர்த்து, சாக்பீஸ் பக்கம் எதிலும் உரசாமல் பிடித்து நின்றாள். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கண்டக்டர் வேல்பாண்டி தினமும் பார்க்கிறவன்.

"என்னக்கா, அண்டர் ரிப்பேரா? யாருக்கு?"

"எங்க மேனேஜருக்கு."

பஸ்ஸே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் யோகேஸ்வரியின் கை தலையணைமேல் கிடந்தது, முழங்கை வரைக்கும் வெள்ளைச் சுற்று. அழகுத்தாய் பழக்கத்தில் சுற்றின் விளிம்பைப் பார்த்தாள். மடிப்பு நேராகத்தான் இருந்தது.

"அக்கா, நாந்தான் தப்புப் பண்ணேன்னு சொல்லுதாகளாம். அம்மா அழுதிட்டே இருக்கா."

"எவன் சொன்னான்? பழம் எங்கன்னு கேட்டவ நீ. அந்த ஹாலுல அத வாய் தொறந்து கேட்டது நீ ஒருத்திதான். நான் நின்னு பாத்துட்டுத்தான இருந்தேன்."

விபத்து எப்படி என்று எழுத வந்த நர்ஸ், கட்டிலில் சாய்ந்து நின்ற போர்டைக் கண்டு முறைத்தாள். "இது என்னம்மா, வார்டுக்குள்ள?"

"சாட்சி. பின்னாடி தேதி இருக்கு, பாருங்க. இந்த அட்டையில நடந்தது இருக்கு. அதப் பாத்து எழுதுங்க. எழுதி முடிச்சதும் எங்கிட்டக் குடுங்க, நான் வாசிக்கணும்."

நர்ஸ் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அட்டையை வாங்கிக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"அக்கா," என்றாள் யோகேஸ்வரி, "ஒங்க வேலை?"

"காலையில எட்டு மணிக்குப் போவேன். கேட்டுல நிறுத்தினா எழுதிக் குடுக்கச் சொல்லுவேன். தமிழ்ல குடுத்தாலும் சரி, இங்கிலீஷுல குடுத்தாலும் சரி, அங்கனயே நின்னு வாசிப்பேன். எம்புட்டு நேரம் ஆனாலும்."

சொல்லிவிட்டு, கட்டில் காலடியில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.