நிற்காத கிண்ணம்

அம்மாவைப் பெற்ற என் தாத்தா யெஃபிம் எனக்கென்று விட்டுவிட்டுப் போனது ஒரு கண்ணாடிக் கிண்ணம். கெட்டிக் கண்ணாடி, அடி உருண்டை. மேசையில் வைத்தால் நிற்காது, சாய்ந்துவிடும். தாத்தா அதை ஒரு கயிற்று வளையத்தின் மேல் உட்கார வைத்திருப்பார். விளிம்பைச் சுற்றி ஆணியால் கீறியது போல ஐந்து பெயர்கள். கடைசிப் பெயர் தாத்தாவுடையது. நடுவில் ஒரு நங்கூரம், அதன் கீழே 50 என்று ஓர் எண். வாலிபத்தில் அவர் கடற்படையில் இருந்தார். அதற்கு மேல் எங்களில் யாருக்கும் எதுவும் தெரியாது.

அம்மாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்று நினைப்பு. தைசியா என்று பெயர், பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சிறுமியாக இருந்தபோது வோலக்தா ஊர் வீட்டில் சாவித் துவாரம் வழியாகப் பார்த்திருக்கிறாள். வருஷத்தில் ஒரு நாள், பனி உருகும் சமயத்தில், தாத்தா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கிண்ணம் நிறைய எதையோ ஊற்றி ஒரே மூச்சில் குடிப்பார். முகம் கோணும். கண்ணில் தண்ணீர் வழியும். அதே மனிதர் விருந்துகளில் கோப்பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வோத்கா வேண்டாம் என்பார். ஊரே மெச்சும்.

"நாலு பேரோட உக்காந்து குடிச்சா அவன் மனுஷன்டி. கதவச் சாத்திட்டுத் தனியாக் குடிச்சுட்டு, வெளிய வந்து உத்தமன் வேஷம் போடுறத என்னான்னு சொல்ல?" என்பாள் அம்மா.

பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. சாவுக்கும் போகவில்லை. அடுத்த மாதம் வோலக்தாவில் அவர் கல்லறைக்குக் கல் நட வேண்டும். அம்மா ஒரே ஒரு தடவை வந்து அங்கே நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கேட்டால் காது கேளாதவள் மாதிரி உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கிண்ணம் என்னவென்று தெரிந்தால் அவள் மனம் மாறாதா என்று, நாங்கள் இருக்கும் துறைமுக ஊரான மூர்மன்ஸ்கிலேயே ஒரு பழம்பொருள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கடற்படைக்காரங்களோட வோத்காக் கிண்ணம்மா. அம்பதுன்னா ஆளுக்கு அம்பது கிராம், வோத்காவுக்கு அதான் அளவு."

இதைப் போய் அம்மாவிடம் சொன்னேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்வது.

"அம்பது கிராமா? அரை லிட்டர் பிடிக்கும் அது. அந்த ஆளு ஒரு சொட்டு மிச்சம் வைக்கல, நான் பாத்தேன்ல."

அதோடு விட்டுவிட்டேன். கிண்ணம் சாலட் போடத்தான் லாயக்கு என்று முடிவு செய்தேன். மேல்மாடியில் குடியிருக்கும் ஃபாயினாவின் கணவன் கிளேப் நீர்மூழ்கிக் கப்பலில் மாதக்கணக்கில் கடலுக்கடியில் இருந்துவிட்டு வந்திருந்தான். பன்றிக்குட்டி வறுத்து விருந்து. நான் பீட்ரூட் சாலட் கொண்டுபோனேன், அந்தக் கிண்ணத்தில்தான். சாலட் தீர்ந்ததும் கிளேப் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் விளிம்பிலிருந்த பெயர்களை விரலால் தடவினான்.

"ரிம்மா அக்கா, இது யாருது?"

"எங்க தாத்தாவுது. ஏன்?"

"இது நீர்மூழ்கியில விளக்குக்கு மாட்டுற மூடிக்கா."

"அடப்பாவமே, விளக்கு மூடியிலயா எங்களுக்குச் சாலட் போட்டீங்க?" என்றாள் ஃபாயினா.

கிளேப் சிரிக்கவில்லை. "கப்பலோட மொத தடவ அம்பது மீட்டர் ஆழத்துக்கு முங்குறப்போ புதுப் பசங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. இந்த மூடி நெறயக் கடல் தண்ணியப் பிடிச்சுக் கொடுப்போம். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது. அப்புறந்தான் அவன் எங்க ஆளு. இந்த அஞ்சு பேரும் ஒண்ணா முங்கியிருக்காங்க."

"வோத்கா இல்லையா?"

"வோத்கான்னா நான் ரெண்டு கிண்ணம் கேட்டிருக்க மாட்டேனா?"

"வீட்டுல ஒரு வார்த்த சொல்லலியே கிளேப்."

"அந்தக் காலத்துல நீர்மூழ்கி வேலைன்னா ரகசியம், பொண்டாட்டிகிட்டகூட வாயத் தொறக்கக் கூடாதுக்கா."

கிண்ணத்தோடு மாடிப்படியில் ஓடி இறங்கினேன். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். வருஷா வருஷம் கூட முங்கிய அந்த நாலு பேரை நினைத்துத்தான் குடித்திருக்கிறார், அதுவும் கடல் தண்ணீர் என்றேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வோலக்தாவுல ஏதுடி கடலு?"

இதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாம் போச்சு என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அம்மாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"உப்பு," என்றாள்.

"என்னம்மா?"

"வருஷா வருஷம் அவர் குடிச்ச மறுநாள் வீட்டுல உப்பு இருக்காது. டப்பா காலியாக் கெடக்கும். எங்கம்மா கத்துவாங்க. பக்கத்து வீட்டுல உப்புக் கடன் கேக்க என்னத்தான் அனுப்புவாங்க, எனக்கு வெக்கமா இருக்கும்." கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா ஏதும் சொல்லாம சன்னலப் பாத்து நிப்பாரு."

அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல் வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கிண்ணத்தை வாங்கிக் கழுவினாள். குழாயில் தண்ணீர் பிடித்து உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

"வேணாம்மா, உனக்கு பிரஷர் இருக்கு."

"சும்மா இருடி."

இரண்டு வாய்தான் இறங்கியது. முகம் கோணிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு உண்மையிலேயே அழுதாள். நானும் அழுதேன்.

"கிறுக்கு மனுஷா," என்றாள் கிண்ணத்தைப் பார்த்து. "கதவத் தொறந்து வெச்சுக் குடிச்சிருந்தா என்னவாம்? எனக்கும் ஒரு வாய் குடுன்னு கேட்டிருப்பேன்ல."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தட்டிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடு. கிண்ணம் என் மடியில வரட்டும், நீ ஒடச்சிடுவ." மாவில் கை வைத்தவள் திரும்பிப் பார்த்தாள். "உப்பும் ஒரு பாக்கெட் எடுத்து வை. அங்க கடல் கிடையாது."