டோலமைட் மேசையில் ஒரு சிப்பி

விதுஷாவின் முகம் வாடினால் ஜீவனுக்குச் சோறு இறங்காது. கல்யாணமான நாளிலிருந்தே அவன் அப்படித்தான். அவள் ஸ்பிரிங்வெளித் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியை. அவன் யாழ்ப்பாணத்துக்கு மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிச் சாரதி.

விஞ்ஞானக் கண்காட்சிக்காக, 'மலைக்குள் ஒரு கடல்' என்று அவள் ஒரு மேசையை அமைத்திருந்தாள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் மண்ணின் புளிப்பை முறிக்க டோலமைட் மாவு தூவுகிறார்களே, அந்த மாவை அரைத்தெடுக்கும் வெள்ளைக் கற்களே மேசை முழுவதும் கிடந்தன.

"இது கடலுக்கடியில படிஞ்ச சேறுங்க. ஆனா அத நம்ப வைக்க ஒரு சிப்பிகூட இல்ல," என்று குறைப்பட்டாள். "வெறுங்கல்லப் பாத்துட்டுப் பதுளைக்கு எடுப்பாங்களான்னு அதிபர் சேர் கேக்குறாரு."

பதுளை நகரக் கண்காட்சிக்குத் தன் மேசை போக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அது ஜீவனுக்குத் தெரியும்.

அடுத்த பயணத்தில், யாழ்ப்பாணத்தில் இடித்துப் போட்ட ஒரு கிணற்றுக்கட்டின் அருகே லொறியை நிறுத்தினான். அங்கே கிடந்த கல்லொன்றில் சிப்பிகள் அப்பிக் கிடந்தன. வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, அதைத் தன் இருக்கைக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

பாடசாலைக்கு வந்தபோது மேசையருகே எவரும் இல்லை. அவளே கண்டெடுத்துத் துள்ளட்டும் என்ற ஆசையில், வெள்ளைக் கற்களுக்கு நடுவே அதைச் செருகிவிட்டு, தேநீர் குடிக்கப் போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. விசாரிக்குமுன் கூவுவது நம் காலத்தின் தீராத நோயல்லவா? கல்லை முதலில் கண்டவர் அதிபர் அழகையா. "நம்ம மலையில சிப்பி! கண்டுபிடிப்பு, பெரிய கண்டுபிடிப்பு!" என்று அவர் முழங்க, பாடசாலையே கூடிவிட்டது. பதுளைக்கு மேசைகளைத் தெரிவுசெய்ய வந்திருந்த விஞ்ஞான ஆலோசகர் ஷம்ரா மிஸ்ஸும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

விதுஷா கல்லை எடுத்தாள், திருப்பினாள், நேராக வாசலில் நின்ற ஜீவனைப் பார்த்தாள்.

"சொல்லுங்க டீச்சர், மிஸ் காத்துக்கிட்டு நிக்கிறாங்க!" என்று அவசரப்படுத்தினார் அதிபர்.

அவள் கல்லை மறுபடி திருப்பினாள். உண்மையைச் சொன்னால் கணவனுக்குத் தலைகுனிவு; சொல்லாவிட்டால் மேசையே பொய்யாகிவிடும். தன்னால் அவள் படும் பாட்டை ஜீவனால் தாங்க முடியவில்லை; மேசையருகே வந்தான்.

"அத நான்தான் வச்சேன் மிஸ். யாழ்ப்பாணத்துக் கல்லு. டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது."

"என்னா தம்பி, வெளையாட்டா?" என்று சீறினார் அதிபர். "நான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டேனே!"

ஷம்ராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது கெடக்கட்டும் சேர். டீச்சர், அந்தக் கல்லுல இவ்வளவு சிப்பி. ஒங்க கல்லுல ஏன் ஒண்ணுமில்ல?"

விதுஷாவின் கண்கள் விரிந்தன. வெள்ளைக் கல் ஒன்றை எடுத்துக் கணவனின் ஒரு கையிலும், சிப்பிக் கல்லை மறு கையிலும் திணித்தாள். "அசையாம நில்லுங்க!"

வெள்ளைக் கல்லைத் தொட்டாள். "இது ரொம்பப் பழைய கடல் மிஸ். அப்ப ஓடுள்ள உசிரே ஒலகத்துல தோணல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருங்கதான். அப்புறம் நெலப்பரப்புங்க ஒண்ணோட ஒண்ணு மோதி அந்தக் கடல மூடிருச்சு. சேறு வெந்து இப்படிக் கல்லாச்சு. எந்தத் தடம் இருந்திருந்தாலும் அழிஞ்சு போயிருக்கும்."

பிறகு சிப்பிக் கல். "அதுக்குப் பல கோடி வருஷத்துக்குப் பின்னால, ஒண்ணாச் சேந்த அந்தப் பெருங்கண்டம் ஒடஞ்சுச்சு. தெக்க அண்டார்ட்டிக்காவுக்குப் பக்கத்துல கெடந்த நம்ம மண்ணு, மெதுவா நகந்து வெயிலுக்கு வந்துச்சு. வடக்குல வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல். சிப்பியும் பவளமும் வந்து குடியேறிருச்சு. நெலம் எங்க நிக்குது, தண்ணி எவ்வளவு சூடு, அதப் பொறுத்துத்தான் கடல்ல யாரு வாழுறதுங்கிறது."

"எனக்குக் கை வலிக்குது புள்ள," என்றான் ஜீவன்.

"ரெண்டு கடல சும்மா தூக்க முடியுமா?" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது.

"மேசை பதுளைக்கு வரட்டும்," என்றார் ஷம்ரா. "ரெண்டு கல்லும் சேந்துதான் வரணும்."

அதிபர் உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தானே மொதல்ல பாத்தேன்?"

வீடு திரும்பும் வழியில் விதுஷா நாலடி முன்னாலேயே நடந்தாள். ஜீவன் எட்டி நடந்து பக்கத்தில் வந்தான்.

"கோவமா?"

"பின்ன? இன்னொரு தடவ இப்படிச் செஞ்சீங்கன்னா இருக்கு."

"செய்யமாட்டேன்."

சற்றுத் தூரம் போனதும் அவன் கையைப் பற்றி, வலித்த மணிக்கட்டை மெல்ல நீவிவிட்டாள்.

"அடுத்த லோட்டு எப்பங்க? பவளம் இருக்கிற கல்லாப் பாத்து ஒண்ணு கொண்டாங்க. இந்தத் தடவ என் கையில குடுங்க."