சாலஞ்சரில் பாதி

லெஸ்டர் கச்மரெக்கின் இருபத்தாறு வருட இல்லறத்துக்குச் சந்தை விலை அறுபதாயிரம் டாலர் என்று ஏப்ரல் மாதம் தீர்ந்தது. வீடு இதில் சேர்த்தியில்லை. வீட்டை விலை பேசி, பாங்க்காரன் தன் பங்கை வழித்துக்கொண்டு போன பிறகு, ஆளுக்குப் பதினையாயிரத்து இருநூறு மிஞ்சியது. அறுபதாயிரம் என்பது கார் ஷெட்டுக்குள் நின்ற காருக்கு.

1970 டாட்ஜ் சாலஞ்சர். இரண்டு கதவு, நீண்ட மூக்கு, தெருக்கோடியில் கிளப்பினால் அடுத்த தெருவில் குழந்தை விழித்துக்கொள்ளும் எஞ்சின். ஒஹாயோவில் ஒரு சோளக்காட்டுக் கொட்டகைக்குள் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த கூடாக அதை வாங்கி வந்தபோது கல்யாணமாகி நாலு வருடம். தகரமும் எஞ்சினும் அவன் பொறுப்பு. பட்டியும் பெயின்ட்டும் அவன் மனைவி ரோண்டா பொறுப்பு. ஹேஸல் பார்க்கில் ஒரு விபத்து வண்டிப் பட்டறையில் முப்பது வருடமாகப் பெயின்ட் கன் பிடித்த கை அது. டெட்ராய்ட்டைச் சுற்றி அந்தக் கைக்கு ஒரு மரியாதை உண்டு. எஞ்சின் முடிந்தது, தகரம் முடிந்தது, இருக்கை தைத்தாயிற்று. பெயின்ட் ஒன்றுதான் பாக்கி என்னும்போது இல்லறம் முடிந்தது.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கையோங்கவில்லை. சில கடைகள் நஷ்டத்தில் மூடுவதில்லை. முதலாளிக்கே ஷட்டரைத் தூக்க அலுத்துப்போய் மூடிவிடும். அந்த மாதிரி.

சமரசம் பேசிவைத்த அம்மாள் விதித்தது இது. அரைகுறை வண்டிக்கு விலை சொல்ல முடியாது. ஆகவே மே மாதத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து விலை சொல்வார். யார் வண்டியை வைத்துக்கொள்கிறார்களோ அவர் மற்றவருக்குப் பாதி விலை தர வேண்டும். முடியாவிட்டால் வண்டி இண்டியானாவுக்கு, ஏலத்துக்கு.

ரோண்டாவுக்கு வண்டி வேண்டாம். லெஸ்டருக்கு அது தவிர வேறெதுவும் வேண்டாம். அறுபதாயிரத்தில் பாதி முப்பது. அவனிடம் இருந்தது பதினைந்து சொச்சம். அவன் வேலை பார்த்த, கார்த் தகடுக்கு அச்சு செய்யும் பட்டறை அவனை வீட்டுக்கு அனுப்பி ஒரு வருடம் ஆகிறது. எந்த பாங்க்கும் அவனுக்கு நாற்காலிகூடப் போடாது.

அந்தச் சமரச மேஜையில் நடந்த பேரத்தைப் பார்த்திருக்க வேண்டும். உலகத்தில் விற்பவன் புகழ்வான், வாங்குபவன் இகழ்வான், ஆனால் இங்கே இருபத்திரண்டு வருடம் அந்த வண்டியைப் பற்றிப் பீற்றிக்கொண்டவன் தலையைக் குனிந்துகொண்டு, "அது துருப்பிடிச்ச தகரம் மேடம். இருபதாயிரம் தேறினா அதிகம்" என்றான். இருபத்திரண்டு வருடம் அதை "உன்னோட சவப்பெட்டி" என்று அழைத்தவள் விரல் மடக்கினாள்.

"எஞ்சின் நம்பர் வண்டியோட நம்பர். கியர் பாக்ஸ் ஒரிஜினல். பானெட்டுக்கு அடியில கம்பெனி அடிச்ச தகடு அப்படியே இருக்கு, அதுல இருக்கிற கலர் நம்பர் ஊதா. ஊதாவுக்கு அலையுறாங்க மேடம். ஊதாவா இருந்தா அறுபது."

பக்கத்தில் இருந்த அவளுடைய வக்கீல் மகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். சமரச அம்மாள் 'உத்தேசம் அறுபது' என்று எழுதிக்கொண்டார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இந்த வண்டிகளின் உலகத்தில் அதுதான் சட்டம்: கம்பெனியில் எந்த நிறத்தில் பிறந்ததோ அந்த நிறத்தில் நின்றால் பவுன், வேறு நிறம் பூசினால் பித்தளை.

ஆக, லெஸ்டரின் நிலைமை இது: வண்டியை எவ்வளவு அழகாக முடிக்கிறானோ அவ்வளவு உறுதியாக அதை இழப்பான்.

வெளிப் பெயின்டரிடம் போனால் வருடக் காத்திருப்பு, பத்தாயிரம் கூலி. அதனால் ரோண்டாவே வந்தாள். தங்கை வீட்டிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் பிக்கப்பில் வந்து, முன்னாள் வீட்டின் ஷெட்டில், முன்னாள் புருஷனோடு உப்புத்தாள் தேய்த்தாள். ப்ரைமர் மேல் மெல்லக் கறுப்புப் பெயின்ட் தூவி, கட்டை பிடித்துத் தேய்க்க வேண்டும். மேடு வெளுக்கும், பள்ளத்தில் கறுப்பு நிற்கும். நின்ற இடத்தில் பட்டி. மறுபடி தேய். ஒரு கதவுக்கு ஒரு பகல் போகும்.

லெஸ்டருக்கு அந்த வாரங்களில் ஒன்றும் தோன்றவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தவனுக்குக் கால் இருப்பது தெரியும், அது தன் கால் என்பது தெரியாது. அவனுக்கு உடம்பு முழுக்க அப்படி. டப்பா சூப்பைச் சுட வைக்காமல் குடித்தான். பக்கத்து வீட்டு ஸ்டாஷ் சொன்ன நகைச்சுவைக்கு மூன்று விநாடி தாமதமாகச் சிரித்தான். சிரித்த பிறகு, எதற்கு என்று யோசித்தான்.

ஸ்டாஷ் ஓய்வுபெற்ற தபால்காரன். சனிக்கிழமை தோறும் மடக்கு நாற்காலியும் பீரும் எடுத்துக்கொண்டு லெஸ்டரின் வாசலில் வந்து உட்கார்வது அவனுக்குத் திருப்பலிக்குப் போகிற மாதிரி.

"டேய் லெஸ், மூளை இருக்கா உனக்கு?" என்று அவன்தான் கேட்டான், ரோண்டா தண்ணீர் பிடிக்க உள்ளே போயிருந்தபோது. "ரெண்டு பள்ளத்தை அப்படியே விட்டேன்னா வெலை விழும். கதவை லேசாக் கோணலா மாட்டு. ஒரு மூவாயிரம் கொறையும். தானா கெட்ட மாதிரி இருக்கும், எவன் கேப்பான்?"

"ம்" என்றான் லெஸ்டர்.

"'ம்'மாம்! பதினஞ்சாயிரம் வச்சுக்கிட்டு முப்பதாயிரத்துக்கு வேலை பாக்குறான் பாரு. தன் கழுத்துக்குக் கயிறு திரிக்கிறவன்கூட இவ்வளவு நைசாத் திரிக்க மாட்டான்."

லெஸ்டர் வலக் கதவின் பின்விளிம்பை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம். கையுறையைக் கழற்றி மறுபடி தடவினான். பட்டி டப்பாவைத் திறந்தான்.

வாளியோடு திரும்பி வந்த ரோண்டா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அதை விட்டுடேன், லெஸ். யாருக்கும் தெரியாது. உனக்கு வெலைகூடக் கொறையும்."

"விட முடியாது. தெரியும்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அன்று சாயங்காலம் கிளம்பும்போது வழக்கமாகச் சொல்லும் 'அடுத்த சனிக்கிழமை'யைச் சொல்லாமல் போனாள்.

அடுத்த சனிக்கிழமைதான் பெயின்ட். வானம் தெளிந்து, காற்று காய்ந்து கிடந்தது. ஷெட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டி, தூசு எழாமல் தரையை நனைத்து, ஃபேனுக்குப் பின்னால் வடிகட்டி ஒட்டி, கண்ணாடி விளிம்புகளுக்கு டேப் போட்டு முடித்தார்கள். ஊதா பெயின்ட் டப்பா பெஞ்சின் மேல் இருந்தது. நானூற்று எண்பது டாலர். லெஸ்டர் போன வருடமே வாங்கிவைத்தது.

பெயின்ட் அடிக்கும்போது காற்றுக்குழாய் வண்டிமேல் படாமல் தோளில் தாங்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பது எப்போதும் அவன் வேலை. குழாயை எடுக்கப் போனான்.

"இன்னைக்கு நானே பாத்துக்கறேன்" என்றாள் ரோண்டா, வெள்ளை உடுப்புக்குள் புகுந்தபடி. "நீ வெளிய நில்லு."

"ஏன்?"

"மூச்சு விடுற சத்தம் எரிச்சலா இருக்கு."

வெளியே நின்றான். கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது. பிளாஸ்டிக் தாளுக்கு அந்தப் பக்கம் வெள்ளை உருவம் ஒன்று மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது; கை மட்டும் ஊஞ்சல் மாதிரி போய் வந்தது. ஒரே வேகம், ஒரே தூரம். அவளுடைய அந்தக் கையைப் பார்த்துத்தான் ஒரு காலத்தில் அவன் அந்தப் பட்டறையில் காரணமில்லாமல் மூன்று முறை பம்பர் மாற்றினான்.

முன் மட்கார்டு பழுப்பாக ஆனது.

அடிப்பூச்சு போலிருக்கிறது என்று நினைத்தான். அடிப்பூச்சு சாம்பலாகத்தான் இருக்கும் என்பதும் நினைவுக்கு வந்தது. கதவு பழுப்பாயிற்று.

ஸ்டாஷ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தாளில் மூக்கை ஒட்டிவைத்தான்.

"லெஸ், எனக்குக் கண்ணு போயிடுச்சா, இல்ல அது பழுப்பா?"

"பழுப்புதான்."

"ஊதாடா அது! தகட்டுல ஊதான்னு போட்டிருக்கு! டப்பாவைத் தொறக்கவே இல்ல பாரு, பெஞ்சு மேல உக்காந்திருக்கு!"

"ஆமா."

"ஆமாவா? ஒரு மனுஷன் சாலஞ்சருக்குப் பழுப்பு அடிப்பானா? ஸ்கூல் வாத்தியாரோட பழைய வேன் மாதிரி இருக்குடா! போய் நிறுத்து!"

லெஸ்டர் தாளின் ஓரத்தைப் பிடித்தான். தூக்கினால் போதும், ஒரு சத்தம் போட்டால் போதும். ஈரம் காய்வதற்குள் தின்னர் போட்டுத் துடைத்து எடுத்துவிடலாம்.

"பாதியில நிறுத்தினா கோடு விழும்" என்றான்.

ஸ்டாஷ் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு தாளைப் பார்த்தான். தபால்காரனாக முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்றவன். எப்போது நகர வேண்டும் என்று தெரியும். பீரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். நாற்காலியை விட்டுவிட்டுப் போனான்.

மூன்று கோட்டு பழுப்பு, அதன்மேல் இரண்டு கோட்டு நிறமில்லாத கிளியர். ரோண்டா வெளியே வந்து முகமூடியைக் கழற்றியபோது கன்னத்தில் ரப்பர் வளையம் பதிந்திருந்தது. தண்ணீர் குடித்தாள்.

"எங்க கெடச்சுது?" என்றான் லெஸ்டர்.

"பெயின்ட் கடையில. எவனோ வேனுக்குக் கலக்கச் சொல்லிட்டு வாங்காம போயிருக்கான். அறுபது டாலர்."

"தகட்டுல ஊதா போட்டிருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"ப்ரைமர்ல விட்டிருந்தாக்கூட நாப்பது போயிருக்கும். இது அதுக்கும் கீழ."

"தெரியும்."

"உனக்குப் பதினஞ்சாயிரம் போகுது, ரோண்டா."

"எனக்கும் கூட்டல் கழித்தல் வரும், லெஸ்." கையுறையை விரல் விரலாக உருவினாள். "ஏலத்துல எவனாவது பல் டாக்டர் எடுப்பான். கொண்டுபோய்க் கண்ணாடிக் கூண்டுல வச்சு, மேல வெளக்குப் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை தொடைப்பான். ஓட்ட மாட்டான். அதுக்கா இவ்வளவு நாள் தேச்சோம்?"

அவன் குழாயைச் சுருட்டத் தொடங்கினான். நன்றி சொல்ல வேண்டிய இடம் என்பது தெரிந்தது. வாய் திறந்தால் வெறும் காற்று வரும்போல இருந்தது.

"அதோட," என்றாள் அவள், "ஊதா எனக்கு எப்பவுமே பிடிக்காது."

மதிப்பீட்டாளர் ஹார்வி ஓஸ்ட் பத்து நாள் கழித்து வந்தார். கழுத்தில் போ டை கட்டிய சிறிய மனிதர். பானெட்டைத் திறந்து தகட்டைப் படித்தார். மூடிவிட்டு நிறத்தைப் பார்த்தார். மறுபடி திறந்து படித்தார். பிணத்தை அடையாளம் காட்ட வந்தவர் மாதிரி தொப்பியைக் கழற்றினார்.

"யார் செஞ்சது இதை?"

"நான்தான்" என்றாள் ரோண்டா.

"ஏம்மா?"

"தள்ளுபடியில கெடச்சுது."

பட்டி தடிப்பாக இருக்கிறதா என்று காந்தத்தை ஒட்டிப் பார்த்தார், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது, தூசாகவும் இருக்கலாம்.

"வேலையில ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு இடத்துலகூடப் பொரியல. இப்படி ஒரு பூச்சு நான் பாத்து ரொம்ப நாளாச்சு. அதுதாம்மா வயிறு எரியுது. வாங்குறவன் இதைச் சுரண்டித்தான் ஆகணும். சுரண்டுறதுக்கே ஒரு தொகை." பெருமூச்சு விட்டார். "இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. அதுக்கு மேல எழுதினா என் கை கூசும் சார்."

"கூச வேணாம்" என்றான் லெஸ்டர்.

அவர் போன பிறகு, அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே மிஞ்சியிருந்த சமையலறை மேஜையில் உட்கார்ந்து செக்கு எழுதினான். ரோண்டா நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெயின்ட் டப்பா அறுபது. பாதி நீ தரணும்" என்றாள்.

"கிளியர் கோட்டு?"

"அது பட்டறையில மிஞ்சினது."

முப்பதைச் சேர்த்து எழுதினான். அவள் வாங்கி, படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள்.

"ஜூன் கடைசியில வீடு காலி பண்ணணுமே, வண்டியை எங்க வைப்ப?"

"ஸ்டாஷ் ஷெட்ல."

"அவன் அது மேல பீரை வைப்பான். டப்பா ஈரம் வட்டமாப் பதியும். சொல்லிவை."

"சொல்றேன்."

"ஒரு மாசத்துக்கு மெழுகு போடாத."

"தெரியும்."

அதற்குமேல் சொல்ல வேலை சம்பந்தமாக ஒன்றும் இல்லை. பிக்கப் வாசலில் பின்வாங்கித் தெருவில் இறங்கிப் போனதை லெஸ்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அழுகையோ கோபமோ ஏதாவது வரும் என்று நின்றான். வரவில்லை. ஷெட்டுக்குப் போய் வண்டிக்குள் உட்கார்ந்து, சாவியைத் திருகாமல், ஸ்டியரிங்கில் கைவைத்துக்கொண்டு மனதில் கூட்டிப் பார்த்தான்.

வண்டி இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. அதில் பாதி பதினாலாயிரத்து எழுநூற்று ஐம்பது, டப்பாவில் பாதி முப்பது, கொடுத்தாயிற்று. கையிருப்பு நானூற்று இருபது டாலரும் ஒரு பழுப்பு சாலஞ்சரும். அவள் பக்கம் வர வேண்டியது முப்பதாயிரம். வந்தது அதில் பாதிக்கும் குறைவு. மீதி பதினையாயிரத்து இருநூற்று ஐம்பதை அவள் கேட்கவில்லை, அவனிடம் இல்லை. அது நிலுவை.