மூன்று என்றது கணினி

1

முதல் இரண்டு வரிதான் என் காதில் விழுந்தது, பக்கத்து வீட்டு மெல்லிய சுவர் வழியாக. மீதி என் கைச்சரக்கு.

"அண்ணி, இதைச் சோதிச்சது யாரு?"

"நீதான்."

எழுத உட்கார்ந்து, 'காலை வெயில் மேசைமேல் படர்ந்தபோது அவள்' — வேண்டாம். வெயிலா இப்போது முக்கியம்?

2

அண்ணி நிரல் எழுதுகிறவள். நாத்தனார் அதைச் சோதிக்கிறவள். ஒரே அலுவலகம். இன்று வேலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில். பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு தொட்டிலின் மூச்சையும் கவனித்துச் செவிலிக்குச் செய்தி அனுப்பும் நிரல் அது. காலையில்தான் வார்டுக்குப் போயிருக்கிறது.

"சோதனைக்கு மூணு தொட்டில் கொடுத்தேன். எத்தனை செய்தின்னு கேட்டேன். மூணுன்னுச்சு. பாஸ் போட்டுட்டேன்."

"சரிதானே?"

"இப்ப சும்மா மூணாவதைத் திறந்து காட்டச் சொன்னேன். நிரலே செத்துப்போச்சு."

அண்ணி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

(அந்த நிரலை எழுதியிருப்பது ஒரு சோம்பேறிக் கணினி மொழியில். கேட்டாலொழிய எதையும் கணக்கிடாது. 'எத்தனை' என்றால் செய்திப் பெட்டிகளை எண்ணும், ஒன்றையும் திறக்காது. உள்ளே வெடி இருந்தாலும் 'மூன்று' என்று சாந்தமாகச் சொல்லும். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.)

3

"அந்தத் தொட்டிலுக்கு என்ன மூச்சு கொடுத்த?"

"மூச்சே இல்லேன்னு."

அண்ணி தன் வரிகளைப் படித்தாள். சீரான மூச்சுக்கு ஒரு செய்தி, வேகமானதற்கு ஒன்று, மெதுவானதற்கு ஒன்று. வந்ததை ஒவ்வொன்றோடும் பொருத்திப் பார்க்கும். எதுவும் பொருந்தாவிட்டால் நிரல் அங்கேயே விழும். நின்றுபோன மூச்சுக்கு அவள் வரியே எழுதவில்லை.

"எப்படி விட்டீங்க?"

"குழந்தைன்னா மூச்சு விடும்னு..."

"காலையிலேர்ந்து வார்டுல ஓடிக்கிட்டிருக்கு அண்ணி."

"பேசாதே. போனை எடு."

[இங்கே அண்ணியை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவளுக்கு அதற்கு நேரமில்லை.]

4

வார்டில் செவிலி எடுத்தாள். அண்ணிதான் பேசினாள்.

"சிஸ்டர், திரையை நம்பாதீங்க. ஒவ்வொரு தொட்டிலா நேர்ல பாருங்க."

"திரையில சத்தமே இல்லையேம்மா. எல்லாம் அமைதியாத்தான் இருக்கு."

"அதான் சிஸ்டர் பயமா இருக்கு."

5

முடிவு ஒன்று: எல்லாக் குழந்தைகளும் தூங்குகின்றன. அண்ணி விடுபட்ட வரியை எழுதுகிறாள்.

முடிவு இரண்டு: [          ]

இங்கேதான் என் கை நின்றது. வார்டு என்றேன், தொட்டில் என்றேன். ஒரு போர்வையைக்கூட விலக்கிப் பார்க்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. உள்ளே யார் என்று தெரியாமலே இவ்வளவு நேரம் பதறியிருக்கிறோம்.

செவிலி போனைக் காதில் வைத்தபடி தொட்டில்களுக்கு நடுவே நிற்கிறாள். என்னால் பார்க்க முடியாது. நீங்கள் சொல்லுங்கள்: எந்தப் போர்வையை முதலில் விலக்கட்டும்?