நான்காவது மவுண்ட்

டெல்மர் குரோலுக்கு மூஸ் மான் வேட்டை உரிமம் குலுக்கலில் விழுந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. இருபத்து மூன்று ஆண்டுகள் விடாமல் விண்ணப்பித்துப் பெற்றது. வயோமிங்கில் ஒருவருக்கு ஆயுளில் ஒருமுறைதான் அது கிடைக்கும். வேட்டைக்காலம் அக்டோபர் முதல் நாளில் தொடங்கி முப்பத்தொன்றில் முடியும். அது தொடங்கிய அன்றைக்கே அவர் மனைவி வெர்னா ஃப்ரீஸரைக் காலிசெய்து துடைத்து வைத்தார். டெல்மர் தம் துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப்பைத் தாங்கி நின்ற மவுண்ட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

அந்த மவுண்ட் பத்தொன்பது ஆண்டுகளில் ஒருமுறையும் பிசகியதில்லை. அதுவே அவருக்கு ஐயத்தைத் தந்தது. ஒருமுறையும் பிசகாத பொருள் எப்போது பிசகும் என்று எவராலும் சொல்ல முடியாது அல்லவா?

முதலில் இரண்டு துண்டுகளாலான அலுமினிய மவுண்ட்டை வாங்கினார். எடை குறைவு, ஆனால் துண்டுகளுக்கு இடையிலிருந்த வெற்றிடம் அவர் மனத்தை அரித்தது. அடுத்து ஒரே துண்டாலான எஃகு மவுண்ட். அது அசையவே இல்லை. போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துத் தோட்டாவை உள்ளே தள்ளக் கட்டைவிரலுக்கும் வழிவிடவில்லை. மூன்றாவது, நெம்புகோலைத் திருப்பினால் கழன்றுவிடும் வகை. கழற்றி மாட்டினாலும் குறி மாறாது என்று உறுதிசெய்ய முப்பது முறை கழற்றி மாட்டினார். முப்பத்தோராவது முறை மாறிவிடக்கூடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் குறியைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்புக்கு அவர் கணக்கில் ஒரு வாரம். மாதத்துக்கு வாரங்கள் நான்குதான்.

துப்பாக்கிக் கடையில் எஃகுக் கட்சி, அலுமினியக் கட்சி என ஊர் இரண்டாகப் பிரிந்து காப்பி குடித்தது. கடைக்காரர் லைல் ஹாகன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, இரண்டுக்கும் விற்றார். ஒருமுறை மட்டும் கேட்டார்: “ஏன்யா டெல்மர், எதுல சுட்டா தேவலைன்னு அந்த மூஸையும் ஒரு வார்த்தை கேட்டுட்டியா?”

முப்பத்தொன்றாம் தேதி மாலை, நான்காவது மவுண்ட்டுடன் எங்கள் துப்பாக்கி மன்றத்தின் சுடுதளத்துக்கு டெல்மர் வந்தார். நான் மன்றச் செயலாளர். அவர் பாதுகாப்பு அலுவலர். விதிகள் முழுவதும் அவர் எழுதியவை. இலக்கைப் பார்க்க ஒருவர் முன்னே போனால் சிவப்புக் கொடி ஏறும்; அது இறங்கும்வரை எவரும் துப்பாக்கியைத் தொடலாகாது. தளத்தில் ஓடலாகாது. போனவர் திரும்பியதும் மும்முறை உரக்கக் கேட்டு, மும்முறை விடை பெற்ற பிறகே கொடியை இறக்கலாம்.

வேட்டைக்கான ஆரஞ்சுச் சட்டையோடு காத்திருந்த வெர்னா சொன்னார்: “வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம்தான். அந்தப் பழசையே மாட்டியிருந்தா இந்நேரம் கறி வெட்டிக்கிட்டிருப்போம்.”

“அஞ்சே குண்டு. அப்புறம் கிளம்பிடலாம்.”

ஐந்தையும் சுட்டார். கொடியைத் தாமே ஏற்றிவிட்டு, அளவுகோலுடன் நூறு கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்குத் தாளை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் மூஸ் வந்தது. பக்கவாட்டு வேலிக்கு அப்பால், அவர் உரிமம் செல்லும் அரசுக் காட்டில், மண்மேட்டின் முன்னால் நின்று வில்லோப் புதரின் கிளையை மென்றது. கொம்புகளின் அகலத்தைச் சொன்னால் நான் கூட்டிச் சொல்வதாகத்தான் நினைப்பார்கள்.

“கொடியை இறக்கு,” என்றார் வெர்னா மெல்ல.

“ஆள் அங்க நிக்கிறாரே.”

“அது அவரோட மூஸ்.”

“இது அவரோட விதி.”

டெல்மரும் பார்த்துவிட்டார். ஓடவில்லை, நடந்தார். அந்த நூறு கஜத்தை அவர் கடந்து முடிக்கும்வரை மூஸ் பொறுமையாக மென்றுகொண்டிருந்தது. சுடும் கோட்டுக்குப் பின்னால் வந்து, கொடிக்கயிற்றைப் பற்றி, என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு விண்ணப்பம் இருந்தது. ஆனால் விதியில் அதற்கு இடமில்லை என்பது அவருக்கே தெரியும்.

“எல்லாரும் பின்னாடி வந்தாச்சா?” என்று உரக்கக் கேட்டார். “வந்தாச்சு,” என்றேன், அதே அளவு உரக்க. மூஸ் தலையைத் தூக்கியது. இரண்டாம் முறை கேட்டபோது திரும்பியது. மூன்றாம் முறைக்கு நான் சொன்ன விடையை அது கேட்டிருக்க வாய்ப்பில்லை.

கொடி முறைப்படி இறங்கியது. வில்லோப் புதர்களின் அசைவு அடங்குவதற்குள் வெளிச்சமும் சட்டம் அனுமதித்த எல்லையைத் தாண்டிவிட்டது. கடைசியில், ஐந்து குண்டும் எவ்வளவு இடத்துக்குள் விழுந்தன என்று நான் கேட்டேன்.

“அரை அங்குலம்,” என்றார் டெல்மர். “மவுண்ட் அசையவே இல்ல.”

வெர்னா காரின் கதவைத் திறந்தார். “அந்தத் தாளை எடுத்துக்கிட்டு வா,” என்றார். “ஃப்ரீஸர்ல வைக்கணும்.”